முன்சில்லின் குடமும் மலைநாட்டுப் பாதையும்

நிலத்தின்மீது ஒரு பாரத்தை இழுத்துச் செல்லுங்கால் உராய்வு என்னும் பகை எதிர்நிற்கும். அப்பாரத்தைச் சில்லின்மேல் ஏற்றியவிடத்தும் அப்பகை முற்றாக அழிந்துபோவதில்லை. நிலத்தை விட்டு நீங்கி, அச்சும் சில்லும் பொருந்தும் நடுவிடத்திற் சென்று ஒடுங்குகின்றது. அந்நடுவிடமே குடம் எனப்படுவது. மாட்டுவண்டிச் சில்லிலே ஆரக்கால்கள் யாவும் வந்து பொருந்தும் மரத்திரளையை எம் முன்னோர் குடம் என்றனர். பழந்தமிழ் நூல்கள் தேருருளையின் இவ்வுறுப்பைக் குறடு எனவும் வழங்கும். இக்காலத்து மோட்டார் வண்டியிலும் இவ்வுறுப்பு உளது. மரம் இரும்பாயிற்று, ஆயினும் அதன் தொழில் மாறவில்லை. வண்டியும் அதிலுள்ள மக்களும் பண்டமுமாகிய பாரம் முழுவதும் நான்கு குடங்களின் வழியாகவே நிலத்தை அடைகின்றது. அவற்றுள் முன்னிரண்டும் பாரத்தைத் தாங்குவதோடு திருப்பத்தையும் தடையையும் ஒருங்கே ஏற்பன.

இவ்வாறிருந்தும், வண்டியுடையார் பலர் இயந்திரத்தைப் பேணுவர்; டயரை நோக்குவர்; குடத்தை நினையார். கண்ணுக்குப் புலனாகாத உறுப்பு என்பதே அதற்குக் காரணம். பிக்கப் என வழங்கும் சிறு பாரவண்டியின் முன்சில்லுக் குடம் தேய்வது எதனால், அத்தேய்வை அறிவது எவ்வாறு, தேய்ந்த குடத்தை மாற்றும் முறை யாது என்பவற்றை, அக்கரப்பத்தனைப் பகுதியின் பாதைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வாம்.

நிலமும் வண்டியும்

நுவரெலியா மாவட்டத்திலே, தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறிச் செல்வார் அக்கரப்பத்தனையை அடைவர். ‘பத்தனை’ என்னும் ஈறு மலைப்புல்வெளியைக் குறிக்கும் ‘பத்தன’ என்னும் சிங்களச் சொல்லோடு தொடர்புடையது. புல்வெளியும் காடுமாயிருந்த நிலம் தேயிலை மலையாயிற்று. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் ஜேம்ஸ் தெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை சில பத்தாண்டுகளுக்குள் இவ்வுயர்நிலம் முழுவதும் பரவியது. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. எனினும் தண்டவாளம் மலைமுகட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் செல்லவில்லை. நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட வளைந்த பாதை என்றும் சில்லுக்கே உரியதாயிற்று. முன்னர் மாட்டுவண்டியும், பின்னர் லொறியும், இன்று லொறியோடு பிக்கப்பும் அப்பணியைச் செய்கின்றன.

அப்பணி எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பறித்த கொழுந்து சாக்கினுள் நெடுநேரம் செறிந்து கிடப்பிற் சூடேறிச் சிவந்து கெடும். ஆதலின் உரிய வேளையில் அது தொழிற்சாலையை அடைதல் வேண்டும். உரமும், லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு முதலிய மரக்கறிகளும் இவ்வண்டிகளிலேயே ஏறுகின்றன. நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால், அல்லது ஒரு பெண்ணுக்குப் பேறுகால வேதனை தொடங்கினால், லயத்து வாயிலில் வந்து நிற்பதும் பெரும்பாலும் இத்தகைய வண்டியே. ஒருபுறம் மண்சுவரும் மறுபுறம் பள்ளமுமாக அமைந்த ஒற்றைவழிப் பாதையிற் சில்லொன்று கழன்றால் விளைவது என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னுமொன்று கருதத்தக்கது. 2020 மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளே மேன்மேலும் உழைத்தன. உழைத்த வண்டியின் உறுப்புகள் தேய்ந்திருத்தல் இயல்பேயாம்.

குடத்தின் அமைப்பு

பின்சில்லினால் இயங்கும் பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன்குடத்தின் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். திருப்பத்திற்கேற்ப அசையும் முழங்கை போன்ற உறுப்பிலிருந்து உருக்கினாலான அச்சுமுளை ஒன்று வெளிநோக்கி நீண்டிருக்கும். அம்முளையின்மீது குடம் சுழலும். குடத்தின் விளிம்பிற் சில்லைப் பூட்டும் ஆணிகளும், அதன் உட்புறத்திற் பிறேக்குத் தட்டும் பொருத்தப்பட்டிருக்கும். முளைக்கும் குடத்துக்கும் இடையே இரண்டு போதிகைகள் உள. பெயாரிங் எனத் தொழிலாளர் வழங்குவது இதுவே. உட்போதிகை பெரியது, வெளிப்போதிகை சிறியது.

ஒவ்வொரு போதிகையும் நான்கு கூறுகளையுடையது: முளையின்மீது அமரும் உட்கூம்பு, அதனைச் சூழ்ந்த உருளைகள், உருளைகளை இடைவெளி பிறழாமற் காக்கும் கூடு, குடத்தினுள் இறுகப் பதிந்திருக்கும் வெளிக்கிண்ணம் என்பன. உருளைகள் நேரியனவாகாமற் கூம்பு வடிவினவாக அமைந்தது ஏன் எனின், கூறுதும். வண்டியின் பாரம் மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தும்; திருப்பத்திலோ பக்கவாட்டு விசை அச்சின் நீளத்திசையிற் தள்ளும். நேர் உருளை முதல் விசையை மாத்திரம் நன்கு தாங்கும். கூம்புருளையோ சரிந்து நிற்றலால் இரு விசைகளையும் ஒருங்கே ஏற்கும். அன்றியும், உருளைகளின் கூம்பு முனைகளை நீட்டிப் பார்ப்பின் அவை யாவும் அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியிற் சந்திக்கும். அதனால் உருளைகள் வழுக்காமல் உருளும். வழுக்கல் இன்மையால் வெப்பமும் தேய்வும் குறையும்.

இவ்வமைப்பு ஒரு நாளில் தோன்றியதன்று. வேல்ஸ் நாட்டவராகிய பிலிப் வோன் வண்டியச்சுக்குரிய குண்டுப்போதிகை ஒன்றுக்கு 1794 ஆம் ஆண்டு புத்தாக்க உரிமை பெற்றார். அமெரிக்காவிலே செயின்ட் லூயிஸ் நகரிற் குதிரைவண்டி செய்து வாழ்ந்த ஹென்றி திம்கென் என்பார் 1898 ஆம் ஆண்டு கூம்புருளைப் போதிகைக்கு உரிமை பெற்றார். குதிரைவண்டி திருப்பத்திற் படும் துன்பத்தைத் தீர்க்க எழுந்த கருவியே இன்று எமது மலைப்பாதையில் ஓடும் வண்டிகளைத் தாங்குகின்றது.

தேய்வின் காரணங்கள்

முதற் காரணம் மிகைப்பாரம். உருளைப் போதிகையின் ஆயுள் அதன்மேல் ஏறும் சுமையின் 10/3 ஆம் அடுக்குக்கு எதிர்விகிதமாகும் என்பது பொறியியலார் கையாளும் விதி. சுமை இருமடங்காயின் ஆயுள் பாதியாகும் எனப் பலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. ஏறக்குறையப் பத்திலொன்றாகக் குறையும். ஐந்திலொரு பங்கு மிகையாக ஏற்றினாற்கூட ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஈரச்சாக்குகள் நாலைந்து கூடுதலாக ஏறுவதனால் வரும் ஊதியத்தைக் குடம் இவ்வாறு திருப்பிக் கேட்கின்றது.

இரண்டாவது காரணம் திருப்பங்கள். பாரத்தோடு 2500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். சமநிலத்தில் ஒவ்வொரு பக்கத்துச் சில்லுகளும் 1250 கிலோகிராம் தாங்கும். புவியீர்ப்பின் பத்தில் மூன்று பங்களவான பக்கவிசையோடு அவ்வண்டி திரும்புமாயின், பாரமையம் நிலத்திலிருந்து 0.7 மீற்றர் உயரத்திலும் சில்லுகளின் இடைத்தூரம் 1.5 மீற்றராகவும் இருப்பின், 350 கிலோகிராம் உட்பக்கத்தை விட்டு வெளிப்பக்கத்துக்கு மாறும். வெளிப்பக்கச் சுமை 1600 கிலோகிராமாகும். சில்லின் சுற்றளவு 2.2 மீற்றராயின் 20 கிலோமீற்றர் தூரத்தில் அது 9000 முறைக்குமேற் சுழலும். அச்சுழற்சிகளிற் பெரும்பகுதி திருப்பங்களிலேயே நிகழும் பாதைகள் இவை.

மூன்றாவது வெப்பம். அதே வண்டி 300 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குமாயின் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 7.35 மெகாயூல் ஆகும். இச்சக்தி 22 லீற்றர் அளவான நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வல்லது. கீழ்க்கியரில் இறங்குவோனுக்கு அதன் பெரும்பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். கியரை நீக்கிவிட்டுப் பிறேக்கை மாத்திரம் நம்பி இறங்குவோனுக்கோ, அவ்வெப்பம் பிறேக்குத் தட்டிற் பிறந்து, அதனோடு பிணைந்த குடத்திற் பாயும். கிறீஸ் உருகி ஒழுகும்; உருளைகள் வறண்டு நீலம் பாரிக்கும்.

நான்காவது நீர். தென்மேற்குப் பருவமழைக் காலத்திற் பாதைக் குழிகளும் ஓடைக் கடவைகளும் நீர் நிறைந்திருக்கும். பிறேக்கின் வெப்பத்தாற் சூடேறிய குடம் திடீரென நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, தேய்ந்த ஒயில் சீலின் வழியே சேற்றுநீரை உறிஞ்சும். கிறீஸ் வெண்பால் நிறமுற்றுத் தன் தொழிலை இழக்கும். ஐந்தாவது காரணம் மனிதக் கையே: சுரையை அளவுக்குமேல் இறுக்குதலும், அளவுக்குக் குறைய விடுதலும் ஒருங்கே கேடு பயப்பன.

தேய்வை அறியும் வழி

குடம் வாய் திறந்து பேசும். வேகம் கூடுந்தோறும் கூடும் உறுமலோசை அதன் முதன்மொழி. வண்டி வலப்பக்கம் திரும்புகையிற் பாரம் இடச்சில்லின்மேற் சாயும். அப்போது ஓசை மிகுமாயின் குற்றம் பெரும்பாலும் இடக்குடத்தினது. ஓட்டியபின் ஒரு குடம் மற்றையதிலும் மிகச் சூடாயிருத்தல், சில்லின் உட்புறத்திற் கிறீஸ் தெறித்திருத்தல், டயர் ஒருபாற் தேய்தல், பிறேக்கு மிதி வழக்கத்துக்கு மாறாகத் தாழ்தல் என்பனவும் குறிகளாம்.

ஐயம் நீங்குவதற்குச் சில்லை நிலத்தினின்றும் உயர்த்தி, அதன் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி அசைத்தல் வேண்டும். அசைவு காணப்படின் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்க. அசைவு மறையுமாயிற் குற்றம் போதிகையில் உளது. மறையாது நிற்குமாயிற் குற்றம் குண்டுமூட்டு முதலிய வேறிடத்தில் உளது. பின்னர்ச் சில்லைச் சுழற்றி, தாங்குவில்லின்மேற் கைவைத்துப் பார்க்க. நல்ல போதிகை அமைதியாகச் சுழலும். கெட்டது அரைக்கும் திரிகைபோலக் கைக்குத் தோன்றும்.

போதிகையா, குடமா?

போதிகை கெட்டவிடத்தெல்லாம் குடத்தை மாற்றவேண்டும் என்பதில்லை. குடம் செவ்வையாயிருப்பின் புதிய போதிகைகளும் சீலும் போதும். எனின், குடத்தை மாற்றவேண்டியது எப்போது? கிண்ணம் தன் இருக்கையில் இறுகப் பதியாது சுழன்று, இருக்கையின் துளை பெருத்திருத்தல், குடத்தில் வெடிப்புக் காணப்படுதல், சில்லாணித் துளைகள் நீண்டிருத்தல், விளிம்பு கோணியிருத்தல், மிகுவெப்பத்தால் உலோகம் நீலம் பாரித்திருத்தல் என்னும் இவற்றுள் ஒன்று காணப்படினும் குடம் மாற்றப்படல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் ஒரு பெருங்குற்றம் நிகழ்கின்றது. பெருத்த துளையினுள் உளிமுனையாற் புள்ளிப்புள்ளியாகக் குத்தி, எழுந்த மேடுகளிற் கிண்ணத்தை இறுக்கி அனுப்புவாரும், தகரத்துண்டைச் சுற்றிச் செருகுவாரும் உளர். புதுக்குடத்தின் விலையை நோக்க இது இலாபமாகத் தோன்றும். ஆயினும், கிண்ணத்தின் வெளிமுகம் முழுவதும் தாங்கவேண்டிய பாரத்தைச் சில புள்ளிகள் எவ்வளவு காலம் தாங்கும்? மேடுகள் விரைவில் நசுங்கும், கிண்ணம் சரியும், உருளைகள் ஓரத்தில் மாத்திரம் அழுந்தும், வெப்பம் பெருகிக் கூடு உடையும். கூடு உடைந்தபின் குடத்தை முளையில் நிறுத்துவது எதுவுமில்லை. வண்டியுடையான் மிச்சப்படுத்திய பணத்துக்குப் பின்னால் இருப்போர் தம் உயிரைப் பிணை கொடுக்கும் நிலை இது.

புதுக்குடம் கிடையாதவிடத்துக் கொழும்பிலே பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகக் கடைத்தெருக்களிற் பாவித்த குடங்களை நாடுவதுண்டு. அவ்வாறு வாங்குவோர் மேற்கூறிய குறைகளை அங்கேயே ஆராய்தல் வேண்டும். பழைய குடத்தை வாங்கினாலும் போதிகையும் சீலும் புதியனவாகவே இருத்தல் முறை.

மாற்றும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிறேக்கை இட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இடுக. சில்லின் சுரைகளை நிலத்தில் நிற்கையிலேயே சிறிது தளர்த்திக்கொண்டு, பின்னர் ஜக்கினால் உயர்த்துக. உயர்த்தியபின் சட்டத்தின்கீழ் உறுதியான தாங்கி வைத்தல் கட்டாயமாகும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் சொல்லாமல் நொறுங்கும் இயல்பின. அவற்றை நம்பி வண்டியின்கீழ்க் கைநீட்டலாகாது.

சில்லைக் கழற்றியபின், பிறேக்குக் கலிப்பரைத் தாங்கும் ஆணிகளை நீக்கி, கலிப்பரைக் கம்பியினால் தாங்குவில்லிற் கட்டித் தொங்கவிடுக. பிறேக்குக் குழாயில் அதன் பாரம் தங்கலாகாது. குடத்தின் வெளிமூடியைத் தட்டி எடுத்தாற் பிளவாணி தோன்றும். அதனை நீக்கிச் சுரையையும் வளையத்தையும் கழற்றுக. குடத்தைச் சிறிது முன்னிழுத்தால் வெளிப்போதிகை கைக்கு வரும். பின்னர்க் குடம் முழுவதும் முளையினின்றும் வெளிவரும்.

முளையை மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்து, போதிகை அமரும் இடங்களை நகத்தாலும் கண்ணாலும் ஆராய்க. முளை பள்ளம் விழுந்தோ நீலம் பாரித்தோ இருப்பின் புதிய குடம் இடுவதாற் பயனில்லை, முளையும் மாற்றத்தக்கதே. பிறேக்குத் தட்டு பழையதாயினும் நல்லதாயின் அதனைப் புதிய குடத்துக்கு மாற்றலாம். பொருந்தும் முகங்களிற் துருவும் தூசும் இருத்தலாகாது.

புதிய கிண்ணங்களைக் குடத்திற் பதித்தல் பொறுமையை வேண்டும் தொழில். அழுத்துபொறி இல்லாதவிடத்துப் பித்தளைத் தண்டினாற் சுற்றிச்சுற்றிச் சமமாகத் தட்டுக. கிண்ணம் அடியில் அமர்ந்தவுடன் மந்தமான ஓசை மாறிக் கணீரென்று ஒலிக்கும். அவ்வொலியே அமர்ந்தமைக்குச் சான்று. கூம்பும் கிண்ணமும் இணையாகவே வருவன. ஒன்றின் கூம்பை மற்றொன்றின் கிண்ணத்தோடு சேர்த்தலாகாது.

அடுத்து உராய்வுநீக்கி. உயர்வெப்பம் தாங்கும் இலிதியக் கிறீஸை உள்ளங்கையில் எடுத்து, போதிகையின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தியழுத்தி, குறுகிய பக்கத்தால் அது வெளிவரும்வரை நிரப்புக. வெளியே பூசுதல் நிரப்புதல் ஆகாது. குடத்தின் உட்குழியை முழுதும் நிரப்பலும் தவறு. வெப்பத்தால் விரியும் கிறீஸுக்கு இடம் வேண்டும். உட்போதிகையை வைத்து, புதிய சீலைக் கோணாமற் பதித்து, அதன் உதட்டிற் சிறிது கிறீஸ் தடவுக. பின்னர்ச் சீல் கிழியாவண்ணம் குடத்தை நேராக முளையில் ஏற்றி, வெளிப்போதிகை, வளையம், சுரை என்பவற்றை முறையே இடுக.

இனிச் செய்யவேண்டியதே தொழிலின் உயிர்நிலை. குடத்தைக் கையாற் சுழற்றிக்கொண்டே சுரையை ஏறக்குறைய 30 நியூற்றன் மீற்றர் முறுக்கத்துக்கு இறுக்குக. இதனால் உருளைகள் தத்தம் இடத்தில் அமரும். பின்னர் அதனை முற்றாகத் தளர்த்தி, விரல்களால் மாத்திரம் மீண்டும் இறுக்கி, பிளவாணித் துளை நேர்படுமாறு அமைக்க. நேர்படாவிடின் மேலும் இறுக்காது சிறிது தளர்த்துதலே பொதுவிதி. அச்சுத்திசையிற் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீற்றர் வரையான அசைவு இருத்தல் நன்று. சில வண்டிகளுக்கு அசைவின்றி மெல்லிய முன்னிறுக்கம் விதிக்கப்பட்டிருத்தலின், அவ்வவ்வண்டியின் கைந்நூல் கூறும் அளவே இறுதி அளவாகும்.

பிளவாணி என்றும் புதியதாகவே இருத்தல் வேண்டும். வளைத்து நிமிர்த்திய ஆணியை மறுபடி இடலாகாது. வள்ளுவப் பெருந்தகை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திலே, உருவிற் சிறியாரை எள்ளலாகாது என்பதற்கு அச்சாணியையே உவமையாக்கினார். தேருக்கு அச்சாணி எதுவோ பிக்கப்புக்குப் பிளவாணி அது.

மூடியையும் கலிப்பரையும் பூட்டி, சில்லின் சுரைகளைக் குறுக்குமுறையில் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக இறுக்குக. வண்டி நகருமுன் பிறேக்கு மிதியைப் பலமுறை மிதித்து அது உறுதியுறுவதைக் காண்க. சில கிலோமீற்றர் மெல்ல ஓட்டியபின் குடத்தைத் தொட்டுப் பார்க்க: இளஞ்சூடு இயல்பு, கை பொறுக்காத சூடு இறுக்க மிகையைக் காட்டும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லின் சுரைகளை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் நன்று.

புதுவகை வண்டிகள் சிலவற்றிற் குடமும் போதிகையும் ஒன்றாக மூடப்பட்ட தொகுதியாக வரும். அதிற் கிறீஸ் இடலுமில்லை, அசைவு சீர்செய்தலுமில்லை, முழுவதையும் கழற்றிப் புதியது பூட்டுவதே முறை. ஏ.பி.எஸ். உணரியின் கம்பி அறாது காத்தல் வேண்டும். நாற்சில்லு இயக்கமுடையதாயின் நடுச்சுரையை விதித்த முறுக்கத்துக்கு இறுக்குமுன் வண்டியின் பாரத்தைச் சில்லின்மேல் இறக்கலாகாது. இறக்கினாற் புதிய போதிகையும் அப்பொழுதே கெடும்.

முடிவுரை

இத்தொழிலில் அரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வேண்டுவன துப்புரவும் பொறுமையும், அளவை மீறாத கையுமே. ஆண்டுக்கு ஒருமுறை, அதிலும் பருவமழைக்குப் பின்னர், முன்குடங்களைத் திறந்து கழுவிப் புதுக் கிறீஸ் இடுவதாயின், குடத்தையே மாற்றவேண்டிய தேவை பெரிதும் அருகும். அதற்குச் செலவாவது அரைநாள் உழைப்பே.

கொழுந்து சுமந்தும் நோயாளரைச் சுமந்தும் மலைப்பாதையிலே ஏறியிறங்கும் வண்டிகளின் பின்னால் அமர்ந்திருப்போர், தம் கீழே சுழலும் குடம் எந்நிலையில் உளது என்பதை அறியும் வாய்ப்பற்றவர். அவர்க்காக அதனை அறிந்திருத்தல் சாரதியினதும் வண்டியுடையானினதும் தொழிலாளியினதும் கடனாம். துளை பெருத்த குடத்தைக் கண்டவிடத்து ‘இது இனி ஆகாது’ என்று சொல்லும் துணிவு தொழிலாளிக்கும், அச்சொல்லைக் கேட்கும் மனம் வண்டியுடையானுக்கும் இருத்தல் வேண்டும்.